புகை எந்தப் பக்கம்?

தென்துருவப் பனிக்குள் ஒரு நொடிக்கும் குறைவான மினுக்கு. லடாக் மலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். இரண்டும் பேசிக்கொள்ளும் மொழி ஆலங்குளத்துக்காரர்களுக்குப் புதிதில்லை.

ஆலங்குளத்தில் ஒரு மத்தியானம். சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது 'டொம்' என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்து அடங்குகிறது. அலமாரி டம்ளர்கள் லேசாகக் கிணுகிணுக்கின்றன. கரண்டியைக் குழம்பிலேயே போட்டுவிட்டு வீடு மொத்தமும் வாசலுக்கு வருகிறது. அடுத்த நிமிடம் போன் அடிக்கத் தொடங்குகிறது.

"சித்தப்பா, சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுய்யா. வீடே ஆடுச்சு. எந்தப் பக்கம்னுதான் புரியல."

"அத்தைக்குப் போட்டுப் பாத்தேன். அவங்க பக்கம் பெருசா கேக்கலையாம்."

"சரி, மாடியில ஏறிப் பாரு. புகை எந்தப் பக்கம் தெரியுது?"

விருதுநகர் மாவட்டத்தின் இந்தக் கரிசல் பூமியில், சிவகாசியைச் சுற்றிய பட்டாசு ஊர்களில், இப்படி ஒரு மத்தியானத்தைப் பார்க்காத குடும்பம் அபூர்வம். வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு ஆலையில் மருந்து கலக்கவோ, திரி செருகவோ, பெட்டி போடவோ போயிருப்பார்கள். 'எந்தப் பக்கம்' என்ற கேள்விக்குள் 'யார் வீட்டில்' என்ற கேள்வியும் இருக்கிறது.

அந்த நாலு போன் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சத்தம் நேரத்தைச் சொல்லிவிடும், திசையைச் சொல்லாது. புகை திசையைக் காட்டும், எந்த நிமிடம் கிளம்பியது என்று காட்டாது. 'எங்க பக்கம் கேக்கல' என்ற அத்தையின் பதில், தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைக்கிறது. மூன்றும் ஒரே காதில் வந்து சேரும்போதுதான் ஊர் தெரியும், ஆலை தெரியும், ஆம்புலன்ஸ் எந்த ரோட்டில் திரும்ப வேண்டும் என்று தெரியும்.

வானத்தில் நடக்கும் மிகப்பெரிய வெடிப்புகளைத் தேடுகிறவர்களும் இன்று இப்படித்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சத்தம் என்பது நியூட்ரினோ. புகை என்பது காமா கதிர். ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளும் பழக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், பல்தூது வானியல்.

43 நொடி

2017 செப்டம்பர் 23, சனிக்கிழமை, அதிகாலை 2.24. தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. ஆலங்குளம் தூங்கிக்கொண்டிருந்தது. கிழக்கு வானில் திருவாதிரை நட்சத்திரம் நன்றாக மேலேறியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பூமிக்கு வந்த ஒரே ஒரு துகள், தென்துருவத்தின் பனிக்கட்டிக்குள் ஓர் அணுக்கருவில் மோதியது.

அங்கே 'ஐஸ்கியூப்' இருக்கிறது. ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டியையே கருவியாக்கிய ஆய்வகம். சுடுநீரால் பனியில் 86 துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் மணிமாலைபோல் ஒளி உணரும் கண்ணாடிக் கோளங்களை இறக்கியிருக்கிறார்கள். மொத்தம் 5,160 கோளங்கள், 1,450 மீட்டர் ஆழத்திலிருந்து 2,450 மீட்டர் வரை. 2010 டிசம்பரில் வேலை முடிந்தது.

அன்றைய துகளின் ஆற்றல் சுமார் 290 டெரா எலெக்ட்ரான் வோல்ட். ஜெனீவாவின் மாபெரும் துகள் முடுக்கி அப்போது ஒரு புரோட்டானுக்குக் கொடுத்த ஆற்றலைப்போல் நாற்பது மடங்குக்கு மேல். கணினி தானாகவே பாதையைக் கணக்கிட்டு, 43 நொடியில் உலகம் முழுவதும் தகவல் அனுப்பியது. இன்ன நேரம், இன்ன திசை, யாராவது பாருங்கள்.

அந்தச் செய்தி போன தடம் பழையது. காமா கதிர் வெடிப்புகளை உடனுக்குடன் மற்றவர்களுக்குச் சொல்ல 1993 வாக்கில் நாசா தொடங்கிய வலைப்பின்னல் அது. இப்போது நியூட்ரினோ, ஈர்ப்பலை என்று எல்லாத் தகவலும் அதில் ஓடுகிறது. ஐஸ்கியூப் 2019 முதல் தன் எச்சரிக்கைகளுக்குத் தரம் பிரித்துச் சீட்டு ஒட்டுகிறது. 'தங்கம்' என்றால் அந்தத் துகள் உண்மையிலேயே தொலை விண்வெளியிலிருந்து வந்ததற்குச் சராசரியாக 50 சதவீத வாய்ப்பு, 'வெண்கலம்' என்றால் 30 சதவீதம். போனில் நாமும் இப்படித்தான்: 'நிச்சயமா வெடிதான்', 'இல்லப்பா, இடியாவும் இருக்கலாம்'.

ஐஸ்கியூப் காட்டிய வட்டம் ஏறக்குறைய ஐந்து முழுநிலா அளவு. அதற்குள் எத்தனையோ கேலக்சிகள். வந்தவர்களில் சிலர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கி சுமார் நான்கு மணி நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியும் எதுவும் சிக்கவில்லை. பிறகு பதில் வானத்திலிருந்து வந்தது. 2008 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் 'ஃபெர்மி' செயற்கைக்கோள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் காமா கதிரில் துழாவுகிறது. அந்த வட்டத்துக்குள் டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்ற கேலக்சி, சில மாதங்களாகவே வழக்கத்தைவிடப் பல மடங்கு காமா கதிரைக் கொட்டிக்கொண்டிருப்பதாக, செப்டம்பர் 28 அன்று அந்தக் குழு அறிவித்தது. ஸ்பெயினின் லா பால்மா தீவில் உள்ள 'மேஜிக்' தொலைநோக்கிகள் அங்கே திரும்பி, இன்னும் உயர்ந்த ஆற்றலில் அதை உறுதி செய்தன.

அந்தக் கேலக்சியின் நடுவே, சுமார் 400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், ஒரு ராட்சதக் கருந்துளை. அது உமிழும் துகள் பீச்சு நேராக நம்மைப் பார்த்து நிற்கிறது. நியூட்ரினோவும் காமா கதிரும் ஒரே முகவரியைக் காட்டியது தற்செயல் என்பதற்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலேயே வாய்ப்பு. 2018 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் முடிவுகள் வந்தன. அடம்பிடிக்கும் இயற்பியலாளர்கள் லட்சங்களில் ஒன்று என்ற அளவு உறுதி வந்தால்தான் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லையே எடுப்பார்கள். ஆகவே இதை இன்னும் வலுவான சான்று என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரே வயிற்றில் பிறந்தவை

இந்த இரண்டு தூதர்களையும் ஏன் ஒன்றாகத் தேட வேண்டும்? அவை உடன்பிறப்புகள் என்பதால்.

விண்வெளியில் அசுர வேகத்தில் ஓடும் புரோட்டான், வழியில் ஒரு அணுவிலோ ஒளித்துகளிலோ மோதினால் 'பையான்' என்ற துகள்கள் பிறக்கும். அவற்றில் மின்னூட்டம் இல்லாதது உடனே இரண்டு காமா கதிர்களாகப் பிரியும். மின்னூட்டம் உள்ளது சிதைந்தால் நியூட்ரினோக்கள் வரும். ஆக, புரோட்டான் மோதிய இடத்தில் இரண்டுமே பிறந்தாக வேண்டும்.

ஆனால் இரண்டின் சுபாவமும் வேறு. காமா கதிர் ஊர் சுற்றும் பிள்ளை. வழியில் அடர்ந்த ஒளியிலோ பொருளிலோ மாட்டிக்கொள்ளும். புரோட்டானே இல்லாமல் வெறும் எலெக்ட்ரானும் காமா கதிரை உண்டாக்கிவிடும் என்பதால், காமாவை மட்டும் பார்த்து 'உள்ளே புரோட்டான் இருக்கிறது' என்று சத்தியம் செய்ய முடியாது. நியூட்ரினோ யாரிடமும் லேசில் மாட்டாது. சூரியனிலிருந்து மட்டும் உங்கள் கட்டைவிரல் நகத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. நகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே குணம்தான் அதைப் பிடிப்பதைப் பெரும்பாடாக்குகிறது. பிடித்துவிட்டால், அது சொல்லும் சாட்சியை மறுக்க முடியாது.

1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டுபிடித்த காஸ்மிக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன என்பது நூறாண்டு தாண்டிய வழக்கு. மின்னூட்டம் உள்ள காஸ்மிக் கதிரை விண்வெளியின் காந்தப்புலங்கள் வளைத்து வளைத்து விடுவதால், அது வந்த திசையை நம்ப முடியாது. நேர்கோட்டில் வருகிறவை நியூட்ரினோவும் காமாவும்தான். வழக்கு தீர வேண்டுமானால் இந்த இருவரையும் ஒரே கூண்டில் ஏற்ற வேண்டும்.

நீலத்தைத் தேடி

பட்டாசுத் தொழிலில் சிவப்பு எளிது, வெள்ளை எளிது, நல்ல நீலம் கொண்டுவருவதுதான் கஷ்டம். வானியலாளர்களும் ஒரு நீலத்துக்காகத்தான் தவம் கிடக்கிறார்கள்.

பனிக்கட்டியிலோ நீரிலோ காற்றிலோ ஒளி கொஞ்சம் மெதுவாகப் போகும். அங்கே ஒளியையே முந்திக்கொண்டு ஒரு மின்துகள் ஓடினால் அதன் பின்னே மெல்லிய நீல ஒளி கிளம்பும். செரன்கோவ் ஒளி என்று பெயர். ஒலியை மிஞ்சிப் பறக்கும் போர் விமானத்தின் பின்னே 'டமார்' கேட்பதுபோல. தென்துருவத்தில் பனிக்குள் ஐஸ்கியூப் பார்ப்பது இந்த நீலத்தை. காமா கதிர் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறும்போது தரையிலுள்ள தொலைநோக்கிகள் பார்ப்பதும் இதே நீலத்தைத்தான். அது சில நானோ நொடிகள்தான் நிற்கும். கண் இமைப்பதற்குள் கோடிமுறை வந்து போய்விடும் அவ்வளவு குட்டி மின்னல்.

அதைப் பார்க்க நிலா இல்லாத இருட்டு வேண்டும். நாம் மத்தாப்பு கொளுத்தும் ஐப்பசி அமாவாசை அவர்களுக்கும் விசேஷ இரவுதான், விளக்கும் புகையும் இல்லாத ஓர் ஊர் கிடைத்தால்.

அப்படி ஓர் ஊர் லடாக்கின் ஹான்லே. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,300 மீட்டர். அங்கேதான் 2024 அக்டோபர் 4 அன்று 'மேஸ்' தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. 21 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம், 1,088 ஒளிக்குழாய்கள் கொண்ட கேமரா. பாபா அணு ஆராய்ச்சி மையம் முன்னின்று உள்நாட்டிலேயே கட்டியது. ஆசியாவில் இவ்வகையில் இதுவே பெரியது. இவ்வளவு பெரிய செரன்கோவ் தொலைநோக்கி உலகில் இவ்வளவு உயரத்தில் வேறொன்று இல்லை. 2017-ல் அந்த நியூட்ரினோ வந்தபோது இது தயாராகவில்லை. அடுத்த எச்சரிக்கைக்கு இந்தியாவும் 'நான் பார்க்கிறேன்' என்று சொல்லலாம்.

இந்தத் தேடலின் இந்தியத் தொடக்கம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1969 வாக்கிலேயே ஊட்டியில் சிறு கண்ணாடிகளை வைத்துச் செரன்கோவ் மினுக்குகளைத் தேடத் தொடங்கியது. இன்றும் ஊட்டியில் 'கிரேப்ஸ்-3' என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகம் இயங்குகிறது. எட்டு மீட்டருக்கு ஒன்றாக வரிசைகட்டிய சுமார் 400 உணர்கருவிகள், கூடவே மியூவான் என்ற துகளை எண்ணும், 560 சதுர மீட்டர் பரப்புள்ள கருவி. 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேலே வந்து நின்ற ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தத்தை, மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே இது அளந்தது: 130 கோடி வோல்ட். வானம் இருட்டி இடி முழங்கினால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று நம் ஆலைகளில் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

தங்கத்துக்கும் கீழே

நியூட்ரினோ வேட்டையில் தமிழ் பேசிய கைகள் அறுபது வருடத்துக்கு முன்பே இருந்தன. கோலார் தங்க வயல். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளிகள் வெட்டிய பள்ளம், அந்தக் காலத்தில் உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று.

1960-களின் தொடக்கத்தில் டாடா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் கருவியை ஆழம் ஆழமாக இறக்கி, மேலிருந்து வரும் மியூவான்களை எண்ணினார்கள். மிக ஆழமான இடத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. வேறு யாராவது இருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்களுக்கு அதுதான் நல்ல செய்தி. இவ்வளவு அமைதியான இடத்தில் ஒரு சத்தம் கேட்டால் அது நியூட்ரினோவாகத்தானே இருக்கும்?

ஹீத்கோட் சுரங்கவழியில், தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே கருவிகள் வைக்கப்பட்டன. டாடா நிறுவனத்தோடு ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்தன. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம் போன்றோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். 1965-ல், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் சுவடு கிடைத்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடெரிக் ரெய்னஸ் குழுவும் அதையே கண்டது. கோலார் கட்டுரை ஆகஸ்ட் 15 அன்று அச்சேறியது. ரெய்னஸின் கட்டுரை ஆகஸ்ட் 30 அன்று. பதினைந்தே நாள் முன்னால். தங்கம் குறைந்து, 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. இந்தியாவின் நியூட்ரினோ ஆய்வகம் இருந்த அந்த ஆழத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

கடிகாரம் பிசகினால்

1987 பிப்ரவரி 23, இந்திய நேரம் மதியம் 1.05. சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில், பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த ஒரு நட்சத்திரத்தின் நியூட்ரினோ அலை பூமியைக் கடந்தது. ஜப்பானின் காமியோகாண்டே தொட்டியில் 11, அமெரிக்காவின் ஓஹியோ உப்புச் சுரங்கத்தில் இருந்த ஐ.எம்.பி. தொட்டியில் 8, சோவியத் நாட்டின் பக்சானில் 5. பதின்மூன்று நொடிக்குள் எல்லாம் முடிந்தது.

அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரிந்தால்தானே! மறுநாள் சிலியில் ஒரு வானியலாளர் வானத்தில் புது நட்சத்திரத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான், பதிவு நாடாக்களை எடுத்துப் புரட்டினார்கள். சத்தம் முன்னாடியே வந்துவிட்டிருந்தது. ஒளி வந்தது சுமார் மூன்று மணி நேரம் கழித்து. இன்னொரு குறையும் இருந்தது. காமியோகாண்டேயின் கடிகாரம் ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்கலாம் என்ற நிலை. பதின்மூன்று நொடி நிகழ்ச்சிக்கு ஒரு நிமிடப் பிசகு! ஐ.எம்.பி.யின் கடிகாரம் சரியாக இருந்ததால் நேரக் கணக்கு தப்பித்தது.

அந்த வெடிப்பின் வேர் நம் ஊர்க் கதையோடு சேர்ந்தது. 1930-ல் சென்னையிலிருந்து கிளம்பி, பம்பாயில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர், வழியிலேயே தொடங்கிய கணக்கு அது. எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எடை சூரியனைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால் அது தன்னைத்தானே தாங்காது. பெரிய நட்சத்திரத்தின் இரும்பு நெஞ்சு அந்த வரம்பைத் தொடும்போது ஒரு நொடிக்குள் இடிந்து விழுகிறது. கிளம்பும் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோக்களாகவே வெளியேறிவிடும். நூறு ரூபாய் வெடியில் தொண்ணூற்றொன்பது ரூபாய் ஓசையில்லாமல் போய்விட, மிச்ச ஒரு ரூபாயில்தான் அத்தனை வாணவேடிக்கையும்.

அதே 1987-ன் பிற்பகுதியில், வெடித்த நட்சத்திரத்தில் கதிரியக்கக் கோபால்ட்-56 இருப்பதற்கான காமா கதிர்கள் ஒரு செயற்கைக்கோளில் தெரிந்தன. நியூட்ரினோ 'நெஞ்சு இடிந்தது' என்றது, காமா 'உள்ளே புது உலோகம் உருவானது' என்றது. மாதக்கணக்கு இடைவெளியில் வந்த இரண்டு சாட்சியும் ஒரே கதையைச் சொல்லின.

அன்று கற்ற பாடத்தில்தான் 'ஸ்னூஸ்' என்ற முன்னெச்சரிக்கை அமைப்பு பிறந்தது. 2005 முதல் அது தானியங்கி. வெவ்வேறு நாடுகளில் உள்ள நியூட்ரினோ நிலையங்களில் பத்து நொடிக்குள் இரண்டு இடத்தில் ஒரே நேரம் சத்தம் கேட்டால், தொலைநோக்கிகளுக்குத் தகவல் பறக்கும். ஒரு வீட்டில் கேட்டால் கதவு சாத்திய சத்தமாக இருக்கலாம். இரண்டு ஊரில் கேட்டால் வெடிதான்.

'எங்க பக்கம் ஒண்ணும் இல்ல'

அத்தையின் பதிலுக்கு வருவோம். அறிவியலில் 'கேட்கவில்லை' என்பதற்கும் விலை உண்டு.

2017 ஆகஸ்ட் 17, இந்திய நேரம் மாலை 6.11. சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிக்கொண்ட ஈர்ப்பலை வந்தது. 1.7 நொடி கழித்து ஃபெர்மி ஒரு காமா வெடிப்பைப் பதிந்தது. 2015-ல் ஏவப்பட்ட நம் 'ஆஸ்ட்ரோசாட்' அப்போது பூமிக்கு மறுபக்கம் மறைந்திருந்ததால் அதற்கு எதுவும் தெரியவில்லை. 'நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் எதுவும் இல்லை' என்று அது சொன்ன தகவலே, தேட வேண்டிய வானத்தைச் சுருக்க உதவியது. ஐஸ்கியூபும் தேடிப் பார்த்து, நியூட்ரினோ இல்லை என்றது. மோதலின் பீச்சு நம்மை நேராகப் பார்க்கவில்லை என்ற முடிவோடு அந்த மௌனமும் ஒத்துப்போனது.

மௌனம் சில சமயம் புதிரையும் கூட்டும். டி.எக்ஸ்.எஸ். கேலக்சியின் பழைய பதிவுகளைத் தோண்டியபோது, 2014–15-ல் அங்கிருந்து பத்துக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருப்பது தெரிந்தது. அப்போது காமா கதிரில் ஒரு சலனமும் இல்லை. 2022-ல் ஐஸ்கியூப் இன்னொரு பெயரைச் சொன்னது: சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்.ஜி.சி. 1068. அங்கிருந்து சுமார் 79 நியூட்ரினோக்கள். உயர் ஆற்றல் காமா கதிர் கிட்டத்தட்டப் பூஜ்யம். கருந்துளையைச் சுற்றிய அடர்ந்த போர்வைக்குள்ளேயே காமா கதிர்கள் விழுங்கப்பட்டுவிடுகின்றன என்பது இப்போதைய விளக்கம். கதவு சாத்திய அறைக்குள் வெடித்ததைப்போல, தரை அதிர்கிறது; ஜன்னலில் வெளிச்சம் வரவில்லை.

காமா மட்டும் வைத்திருந்தால் இந்த இடத்தைத் தாண்டிப் போயிருப்போம். நியூட்ரினோ மட்டும் வைத்திருந்தால் போர்வை இருப்பதே தெரிந்திருக்காது. ஒன்று பேசியும் இன்னொன்று பேசாமலும் இருந்ததால்தான் அறைக்குக் கதவு இருப்பதே தெரிந்தது.

மத்தாப்பின் சிவப்பு

சிவகாசியில் ஒரு பேன்சி ரக வாணத்தைப் பிரித்துப் பாருங்கள். தாள் குழாய்க்குள் மிளகு மிளகாக மணி மருந்து. வானத்தில் ஏறியதும் அந்த மணிகள்தான் நிறமாகச் சிதறும். வெள்ளைக்கு அலுமினியம், நீலத்துக்குச் செம்பு, பச்சைக்குப் பேரியம். பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை செய்ததும் தொழில் பட்ட பாடு தனிக்கதை. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம்.

2017 ஆகஸ்டில் மோதிய நியூட்ரான் நட்சத்திரங்களின் ஒளியை, சிலியில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கி நிறம் பிரித்துப் பதிந்தது. 2019-ல் அந்தப் பதிவுகளை மறுபடி அலசியவர்கள் அதில் ஒரு தனிமத்தின் கைரேகையைக் கண்டார்கள். ஸ்ட்ரான்ஷியம்! அப்படியொரு மோதலில் கன உலோகங்கள் பிறக்கின்றன என்பதற்கு நேரடியாகக் கிடைத்த முதல் தனிம அடையாளம் அது. மணி மருந்து உருட்டும் அக்காவின் விரலில் ஒட்டிய பொடியிலும் இப்படி ஏதோ ஒரு பழைய மோதலின் பங்கு இருக்கலாம்.

ஒரு நியூட்ரினோவும் ஒரு காமாவும் எங்கோ சந்தித்தால் எங்களுக்கென்ன என்று கேட்பவர்களுக்கு, இந்தத் தேடலின் கடைசிக் கேள்வியே இதுதான்: பூமியில் கையில் கிடைக்கிற பொருளெல்லாம் எந்த வெடியில் பிறந்தது?

பொட்டிபுரம்

ஆலங்குளத்திலிருந்து மலையோரமாக வடக்கே போனால் தேனி மாவட்டம் பொட்டிபுரம். போடி மேற்கு மலைக்குள் சுரங்கம் குடைந்து, 50,000 டன் காந்த இரும்பால் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதற்கு முன் நீலகிரி சிங்காராவில் இடம் பார்த்து, முதுமலைப் புலிகள் காப்பகத்தின் பக்கம் என்பதால் கைவிட்டார்கள். போடியிலும் வழக்கு, போராட்டம். மதிகெட்டான்–பெரியாறு புலிகள் வழித்தடத்தைக் காரணம் காட்டி, அனுமதிக்க முடியாது என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மதுரையில் 85 டன் எடையில் ஒரு மாதிரிக் கருவி மட்டும் 2018 முதல் மியூவான்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சண்டையில் இரண்டு வேறு பேச்சுகள் ஒன்றாகக் கலந்துபோயின. நியூட்ரினோவால் ஆபத்து என்பது ஒன்று. அது ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும் நம் உடம்பு வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அங்கே அதை உற்பத்தி செய்யும் திட்டமும் இல்லை. இரண்டாவது, மலையை வெடிவைத்துக் குடைந்தால் காடு, தண்ணீர், விலங்குகள் என்னாகும் என்ற கேள்வி. அது நியாயமான கேள்வி. வெடியின் அதிர்வு என்னவென்று தெரிந்த மாவட்டத்துக்காரர்கள் அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட மாட்டார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். போடி ஆய்வகத்தின் முதல் வேலை தொலைதூரக் கருந்துளைகளைத் தேடுவது இல்லை. மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறை வரிசையைக் கண்டுபிடிப்பது. அதே கேள்வியோடு சீனாவின் 'ஜூனோ' ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தகவல் சேகரிக்கத் தொடங்கிவிட்டது. நூறு வீட்டுக்காரர்கள் போன் பேசிக்கொள்ளும் இடத்தில், கோலாரில் முதல் குரல் கொடுத்த வீடு இன்று பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஹான்லேயில் ஒரு கண் திறந்திருக்கிறது. காது இன்னும் இல்லை.

திருவாதிரை

மார்கழியில் களி கிண்டிப் படைக்கும் திருவாதிரைக்குரிய நட்சத்திரம், வானத்தில் சிவந்து நிற்கும் ஒரு கிழட்டு ராட்சதன். ஐநூறிலிருந்து எழுநூறு ஒளியாண்டு தூரம். 2019 கடைசியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை அது மங்கியபோது 'வெடிக்கப்போகிறதா' என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. அது கக்கிய தூசிதான் மறைத்தது என்று பிறகு தெரிந்தது. நாளையும் வெடிக்கலாம், லட்சம் வருடம் கழித்தும் வெடிக்கலாம்.

வெடிக்கிற அன்று முதலில் தெரியப்போவது நமக்கில்லை. ஜப்பானின் தொட்டிகளிலும் தென்துருவப் பனியிலும் பத்து நொடிக்கு நியூட்ரினோ மழை. நொடி பிசகாத கடிகாரங்கள். சில மணி நேரமோ, ஒரு நாளோ கழித்துத்தான் ஒளி வெளியே வரும். அதற்குள் உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நிற்கும்.

அந்தச் செய்தி ஆலங்குளத்துக்கும் வரும். யாராவது ஒரு அண்ணன் மகன் சித்தப்பாவுக்குப் போன் போடுவான். வெடி என்றதும் பழக்கதோஷத்தில் அவர் வாசலுக்கு வந்து, கிழக்கும் மேற்கும் பார்த்துவிட்டுக் கேட்பார்: "எந்தப் பக்கம்யா?"

அன்றைக்கு மட்டும், புகை வருவதற்கு முன்னாடியே அவன் சொல்லிவிடுவான்: "திருவாதிரைப் பக்கம் சித்தப்பா. அவசரமில்ல. சாப்பிட்டுட்டு மெதுவா மாடிக்கு வாங்க."